இரண்டு ஆள் வேங்கை

அக்டோபர் 9, வியாழன்

உரக்கடையில் கொடுத்த டைரி ஒன்பது மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று முதல் எழுதுகிறேன். இந்த மலையில் நடப்பதை ஒழுங்காக எழுதிவைக்க என்னை விட்டால் ஆள் இல்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எட்டாவதைப் பாதியில் நிறுத்தியதற்குக் காரணம், வாத்தியாரிடம் சரக்கு தீர்ந்துபோனதுதான்.

செய்தி இது. என் அண்ணன் குருவப்பன் காட்டை விற்கப்போகிறார்.

சர்க்கார் காடு இல்லை. பட்டாக் காடு, இருபத்திரண்டு ஏக்கர். காப்பியும் மிளகும் முடிந்து ஓடையைத் தாண்டினால் ஆரம்பிக்கும். வேங்கை, சந்தனவேம்பு, நாவல், அப்புறம் பெயர் தெரியாதது நானூறு வகை. இதுவரை கோடாலி படாத இடம். ஆனால் அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது. வத்தலக்குண்டில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில், வாசற்படியே இல்லாத வீடு ஒன்று கட்டி மலையிறங்கிவிட வேண்டும் என்கிறார்.

"வாங்குறது யாருண்ணே?" என்றேன்.

"உன் பழைய முதலாளிதான். சிக்கந்தர் ராவுத்தர்."

ராவுத்தர் பெரிய மரவியாபாரி. அவரிடம் பதினோரு வருஷம் மரம் தட்டியவன் நான். நிற்கும் மரத்தை வாங்குகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. வெளியே ராஜா மாதிரி நிற்கும், அறுத்தால் உள்ளே பொந்து. அதனால் அரிவாளின் பின்புறத்தால் தட்டிக் காது வைத்துக் கேட்க ஒரு ஆள் வேண்டும். டக் என்றால் வைரம் பாய்ந்த மரம். டொம் என்றால் பொந்து. என் காது தப்பியதே இல்லை. ஒரு தடவை பாலக்காட்டு வைத்தியர் ஒருவர் தன் நெஞ்சைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். டக் என்றேன். மனிதர் இன்றுவரை உயிரோடு இருக்கிறார்.

மழை. ஓடு ஒழுகுகிறது. குண்டா வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் போய்ப் பெரிய வேங்கை மரத்தை அளந்துவிட்டு வந்தேன். இரண்டு ஆள் சுற்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குண்டா நிறைந்துவிட்டது.

அக்டோபர் 12, ஞாயிறு

அண்ணன் மகள் கோதை வந்தாள். வத்தலக்குண்டில் வங்கி வேலை. வந்ததும் வராததுமாக அப்பனிடம் சண்டை.

"விக்கிறதுன்னு ஆயிருச்சு, சரி. அறுக்கிறவருக்குத்தான் விக்கணுமாப்பா?"

சோலைக் காப்பு அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறதாம். ஊர் ஊராகச் சந்தா சேர்த்து, பட்டாக் காடுகளை விலை கொடுத்து வாங்கி, அப்படியே விட்டுவிடுவார்களாம். ஒரு குச்சியை ஒடிக்க மாட்டார்களாம்.

"ஒண்ணும் செய்யாம விடுறதுக்கு எதுக்கு வாங்கணும்?" என்றார் அண்ணன். "அதைத்தான் நான் அறுபது வருசமா ஓசியில செஞ்சுக்கிட்டிருக்கேனே."

அறக்கட்டளை கொடுக்கும் விலை ராவுத்தர் விலையைவிடக் குறைவு. ஆனால் வாசற்படியில்லாத வீட்டுக்கு அது போதும் என்று கோதை சொல்கிறாள். மாடியும் வேண்டும் என்று அண்ணன் சொல்கிறார். முழங்கால் போனவருக்கு மாடி எதற்கு என்று நான் கேட்டேன்.

கடைசியில் அண்ணன் ஒரு முடிவு சொன்னார். "ராவுத்தர்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். அவர் வந்து மரத்தைப் பாக்கட்டும். வேணும்னா அவருக்கு. வேணாம்னுட்டா உன் அறக்கட்டளைக்கு. இதுக்கு மேல பேச்சு இல்ல."

"எனக்கும் அதுல பேச்சு உண்டுண்ணே. என் பங்கும் இருக்கு" என்றேன்.

"உன் பங்கா? அது எங்கிட்ட வந்து ஒம்பது வருசமாச்சேடா."

உண்மைதான். நான்தான் பெருந்தன்மையாக அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தேன். இவ்வளவு பெரிய விஷயம் செய்கிறவர்களுக்குச் சில சமயம் மறந்துபோகும்.

அக்டோபர் 19, ஞாயிறு

அறக்கட்டளையிலிருந்து எட்வின் ராஜதுரை என்று ஒருவர் காட்டைப் பார்க்க வந்தார். நாகர்கோவில்காரர். ஒல்லியான ஆள், கழுத்தில் பைனாகுலர். அட்டைக்குப் பயந்து காலுறையில் மூக்குப்பொடி தடவிக்கொண்டு வந்திருந்தார். அட்டைகள் தும்மின.

காட்டை நான்தான் சுற்றிக் காட்டினேன். நான் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதினார். ஒரு மனிதன் நான் பேசப் பேச எழுதுவது இதுதான் முதல் தடவை. அதனால் கொஞ்சம் விரிவாகப் பேசினேன். கருஞ்சிறுத்தை ஒன்று தினமும் விடிந்ததும் பெரிய வேங்கை அடியில் வந்து உட்காரும் என்றும், என்னைப் பார்த்தால் எழுந்து வழிவிடும் என்றும் சொன்னேன்.

"அய்யா, நெசமாவா?"

"ஒரு நாள் கொட்டாவி விட்டுச்சு. பல்லு எண்ணினேன். முப்பது."

உடனே அவர் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, வேங்கைக்கு எதிரே இருந்த நாவல் மரத்தில் கட்டிவிட்டார். ஏதாவது அசைந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமராவாம். சிறுத்தை இப்போதெல்லாம் வெட்கப்படும் என்று எச்சரித்து வைத்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கோதை அதிரசம் கொடுத்தனுப்பினாள். தட்டிப் பார்த்தேன். டக்.

அக்டோபர் 27, திங்கள்

ராவுத்தர் அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறார். நவம்பர் 14ஆம் தேதி வருகிறார். இது செய்தி இல்லை. அவர் சொன்ன அடுத்த வார்த்தைதான் செய்தி. "தவசியாண்டி தட்டணும். அவன் தட்டினாத்தான் வாங்குவேன். வேற யாரையும் நான் நம்பறதில்ல."

இதை அண்ணனை மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். நான்காவது தடவை செம்பைத் தூக்கினார்.

பதினோரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் மரம் தட்டியிருப்பேன். பெரும்பாறையில் ஒரு சந்தனவேம்பு. சுத்தமான வைரம் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அறுத்தபோது உள்ளே ஒரு ஆடு நிற்கும் அளவு பொந்து இருந்தது. சத்தியத்துக்கும் அறுப்புக்கும் நடுவில் கரையான் வேலை செய்துவிட்டது. பதினைந்து நிமிஷ இடைவெளி. கரையான் என்றால் சாதாரணமா.

சாயங்காலம் கோதை பேசினாள்.

"சித்தப்பா, ராவுத்தர் மாமா உங்க பேச்சைத்தான் கேப்பாராம்ல. எல்லா மரமும் பொந்துன்னு சொல்லிருங்க. திரும்பிப் போயிருவாரு."

"என்னையப் பொய் சொல்லச் சொல்றியா, ஆத்தா?"

போனில் ஒரு இருமல் கேட்டது. பிறகு, "உங்களுக்கு அது கஷ்டமா இருக்கும்னு நெனைக்கலை சித்தப்பா" என்றாள்.

சரி என்றேன். குடும்பத்துக்காகச் செய்ய வேண்டியதுதான்.

அக்டோபர் 28, செவ்வாய்

கோழிகள் முன்னால் நின்று பொந்து, பொந்து என்று சொல்லிப் பழகினேன். முகம் சரியாக வருகிறது. குக்கருக்கு ரப்பர் வாங்க வேண்டும்.

நவம்பர் 2, ஞாயிறு

எட்வின் மறுபடி வந்து கேமராவைத் திறந்தார். கோதையும் இருந்தாள். அண்ணன் வீட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்து ஒவ்வொரு படமாகத் தள்ளினார். காட்டுப்பன்றி இரண்டு. மலையணில் ஒன்று. மீதி நாற்பத்தொன்றும் நான்.

"பதினாலு நாளு, பதினாலு காலையும் நீங்கதான் அய்யா" என்றார் எட்வின், ரொம்ப மரியாதையாக.

"அதான் சிறுத்தை வரலை. நான் இருந்தா அது வராது. கூச்சம்."

"முன்னே வழிவிடும்னு சொன்னீங்க."

"வழிவிட்டுட்டுத்தான் போயிருக்கு. பாருங்க, எங்கேயும் காணோம்."

கோதை ஒரு படத்தை நிறுத்தச் சொன்னாள். "சித்தப்பா, மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

"அளவெடுக்கிறேன்."

"கன்னத்தை வச்சா?"

"கன்னத்தையும் வச்சாத்தான் அளவு நேரா வரும்."

"ரெண்டு ஆள் சுத்துன்னு சொல்வீங்களே. ஒரே ஆளா நின்னு எப்படி எடுக்கிறீங்க?"

"பாதி இன்னைக்கு. பாதி நாளைக்கு."

எட்வின் அதையும் எழுதிக்கொண்டார். கோதை சிரிக்கவில்லை. "ராசமணி சித்தியும் நீங்களும்தானே கை கோத்து அளப்பீங்க" என்றாள். "மதுரை ஆஸ்பத்திரிக்குக் கெளம்புன அன்னைக்குக்கூட அளந்துட்டுத்தான் ஜீப்புல ஏறினீங்க. அந்தச் செலவுக்குத்தானே உங்க பங்கை அப்பாகிட்ட வித்தீங்க."

இந்த இடத்தில் நான் எட்வினிடம் சிறுத்தையின் வால் நீளத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததால் பேச்சு மாறிவிட்டது. வால் ஆறு அடி.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. அளந்தேன். இரண்டு ஆள்.

நவம்பர் 13, வியாழன்

அரிவாளைத் துடைத்து எண்ணெய் போட்டேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டேன். இடது காதில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய். வலது காது ரிசர்வ்.

நவம்பர் 14, வெள்ளி

ராவுத்தர் ஜீப்பில் பத்து மணிக்கு வந்தார். தாடி முழுதும் வெளுத்துவிட்டது. கூட ஒரு ஆள், கையில் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் பிரஷும். வாங்கும் மரத்துக்கு உடனே நம்பர் எழுதுவது அவர் வழக்கம். நம்பர் விழுந்தால் மரத்துக்கு நாள் குறித்த மாதிரி.

"வாப்பா தவசி. காது எப்படி இருக்கு?"

"அப்படியே இருக்கு முதலாளி."

"அதுதான் வேணும்" என்று ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

அண்ணன் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். கோதையும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். முதல் மரம் சந்தனவேம்பு. தட்டினேன். காதை வைத்தேன். கோழிகள் முன்னால் பழகிய முகத்தை வைத்துக்கொண்டேன்.

"பொந்து முதலாளி. டொம்முங்குது."

ராவுத்தர் பெயிண்ட்காரனைப் பார்த்தார். "ஒண்ணுன்னு போடு."

பொந்து மரத்துக்கு எதற்கு நம்பர் என்று எனக்குப் புரியவில்லை. ஒருவேளை விறகுக்கு எடுக்கிறார்போல. இரண்டாவது மரத்தையும் பொந்து என்றேன். "ரெண்டு போடு." மூன்றாவது மரத்துக்கு, சுத்தமாகச் செல்லரித்துவிட்டது, சாய்ந்து விழாமல் நிற்பதே ஆச்சரியம் என்றேன். ராவுத்தர் என் தோளைத் தட்டி, "மூணைப் பெருசாப் போடு" என்றார். ஆறு மரத்துக்கு நம்பர் விழுந்தது. கோதை முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. எனக்கு வியர்த்தது. நான் சொல்லச் சொல்ல மரம் போய்க்கொண்டிருக்கிறது.

ஏழாவது, பெரிய வேங்கை.

தட்டினேன். காதை வைத்தேன். பொந்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. மற்ற மரங்களைச் சொல்லிவிட்டேன், அவை வாயில்லாத ஜீவன்கள். இதை எப்படிச் சொல்வது. முகத்துக்கு நேரே நின்றுகொண்டு.

"முதலாளி," என்றேன், "இது வைரம். அடியிலேருந்து நுனி வரைக்கும் வைரம். இந்த மலையில இதுக்கு ஈடு கிடையாது. முன்னாடி சொன்ன ஆறும் பொய். அதுகளும் வைரம். இந்தக் காட்டுல ஒரு மரம்கூடப் பொந்து கிடையாது."

கோதை கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணனுக்கு மட்டும் முகம் மலர்ந்தது. மாடி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

ராவுத்தர் மெதுவாகக் கேட்டார். "சத்தியமாவா?"

"ராசமணி மேல சத்தியம்."

ராவுத்தர் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "போச்சு" என்றார். பெயிண்ட்காரனிடம், "எல்லாத்தையும் அழிச்சிருப்பா. காடே பொந்து" என்றார்.

"அவன் வைரம்னுல்ல சொல்றான்?" என்றார் அண்ணன்.

"குருவப்பா, இவனை நான் எதுக்குப் பதினோரு வருசம் சம்பளம் குடுத்து வச்சிருந்தேன்? இவன் வைரம்னா அது பொந்து. பொந்துன்னா வைரம். வாயில வர்றதைச் சொன்னாலே முக்காவாசி மாத்தி நடக்கும். சத்தியம் பண்ணினா ஒண்ணுகூடத் தப்பாது. பெரும்பாறையில மட்டும்தான் சபலப்பட்டு இவன் பேச்சைக் கேட்டேன். அந்த மரத்துக்குள்ள ஆடு கட்டலாம். அதுக்கப்புறம் இவன் சொல்றதுக்கு எதிராத்தான் எல்லாம் வாங்கினேன். இவனாலதான் ரெண்டு லாரி வாங்கினேன்."

பெயிண்ட்காரன் சிரித்துவிட்டு, பிறகு நம்பரை அழிப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.

அண்ணன் விடவில்லை. "வேற ஆளை வச்சுப் பாருங்களேன்."

"மதுரையில மிஷின் வச்சுப் பாக்கிறவன் ஒருத்தன் இருக்கான்" என்றார் ராவுத்தர். "ஆனா இத்தனை தூரம் கூட்டியாரணுமே." என் பக்கம் திரும்பினார். அவர் கெட்டவர் இல்லை, என் முகத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டிருக்க வேண்டும். "ஏப்பா தவசி, நீயே சொல்லு. உன் காது சரியான காதுதான்னு நீ ரோசமா ஒரு வார்த்தை சொன்னா, நாளைக்கே மிஷினைக் கொண்டாந்து பாத்துருவோம். நீ ஜெயிச்சா உன் கழுத்துல மாலை போடுறேன். என்ன சொல்ற?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஒரு பதில் சொன்னேன். அது இங்கே முக்கியமில்லை. மழையில் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

ராவுத்தர் எழுந்து, என்னைக் கட்டிப்பிடித்து, முதுகைத் தட்டிவிட்டு ஜீப் ஏறினார். கோதை மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சளி பிடித்திருக்கிறது. கஷாயம் வைத்துக் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 15, சனி

அண்ணன் கம்பை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். வரவே மாட்டார். நாலு படி இருக்கிறது.

"ஏன்டா, ஊரெல்லாம் காது காதுன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சவன், அத்தனை பேர் முன்னாடி 'எனக்கு ஆரம்பத்துலேருந்தே ஒரு எழவும் கேக்காது முதலாளி'ன்னு சொல்லிட்ட. ரோசம் இல்லையா உனக்கு?"

"தொண்டை கட்டியிருந்துச்சுண்ணே."

அண்ணன் குண்டாவைப் பார்த்தார். ஒழுகும் ஓட்டைப் பார்த்தார். "கோதைகிட்டச் சொல்லிரு. அவ ஆளுங்களுக்கே குடுத்துர்றேன். மாடி வேணாம்" என்றார். இறங்கும்போது நான் கை கொடுத்தேன். வேண்டாம் என்றார். பிறகு பிடித்துக்கொண்டார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன். ராவுத்தர் என் பேச்சை எதிராக எடுத்துக்கொள்கிறார் என்பது எனக்குப் பதினோரு வருஷமாகவே தெரியும். அதனால்தான் வைரம் என்று சத்தியம் செய்தேன். எல்லாம் முன்கூட்டியே போட்ட திட்டம். ஆறு மரத்தைப் பொந்து என்றது ஆளைக் குழப்புவதற்காக.

டிசம்பர் 5, வெள்ளி

ஓடு மாற்ற ஆள் வந்தான். அண்ணன் அனுப்பினாராம். குண்டாவில் இப்போது கோழிக்குத் தண்ணீர்.

ஜனவரி 21, புதன்

பத்திரப்பதிவு முடிந்தது. இருபத்திரண்டு ஏக்கரும் அறக்கட்டளை பெயருக்கு மாறிவிட்டது. அண்ணனைப் படம் பிடித்தார்கள், கைரேகை எடுத்தார்கள். நான் சாட்சிக் கையெழுத்து. பத்திரத்தில் உண்மையான கனம் சாட்சிக் கையெழுத்தில்தான் இருக்கிறது என்பது படித்தவர்களுக்குத் தெரியும். இனிஷியலுக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தேன். அங்கிருந்த அம்மா கோடு வேண்டாம் என்றார். அதற்குள் இழுத்துவிட்டேன்.

வெளியே டீ குடிக்கும்போது எட்வின் கேட்டார். "அய்யா, காட்டுக்கு ஒரு காவல் ஆள் வேணும். தினமும் ஒரு தடவை சுத்தி வரணும். உங்களால முடியுமா?"

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். டீ ஆறுவதற்குள் யோசித்துவிட்டேன். காக்கிச் சட்டை கொடுப்பார்களாம். விசில் கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

விசில் வந்துவிட்டது. கருஞ்சிறுத்தை விசில் சத்தத்துக்குப் பணிகிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

எட்வின் வந்தார். கோதையும் வந்தாள். வேங்கைக்குப் பக்கத்தில் போனதும் எட்வின் சட்டென்று கையைக் காட்டி எங்களை நிறுத்தி, பைனாகுலரைத் தூக்கினார். பிறகு என்னிடம் கொடுத்தார்.

உச்சியில், கிளை பிரியும் இடத்துக்குக் கீழே, ஒரு துவாரம். அதைச் சேறு பூசின மாதிரி அடைத்து, விரல் நுழையும் அளவு கீறல் மட்டும் விட்டிருக்கிறது. அதன் முன்னால் இருவாச்சிப் பறவை ஒன்று வந்து உட்கார்ந்து, பெரிய மூக்கை நுழைத்து ஆலம்பழம் ஊட்டிக்கொண்டிருந்தது.

"பொட்டை உள்ளே இருக்கு" என்றார் எட்வின் மெல்லிய குரலில். "தன்னை உள்ளே வச்சு அடைச்சுக்கிட்டு முட்டை போடும். ஆண்தான் மாசக்கணக்கா வெளியேருந்து ஊட்டணும்."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பழம் தவறிக் கீழே விழுந்தது. அது திரும்பிப் போய் வேறு எடுத்துவந்தது.

கோதை கிசுகிசுத்தாள். "உள்ளே கூடு கட்டுற அளவு இடம் இருக்குன்னா, மரம்?"

"நல்ல பொந்துதான். மேலே பாதிக்கு இருக்கும்" என்றார் எட்வின்.

கோதை என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "ராவுத்தர் மாமா சரியாத்தான் சொல்லியிருக்காரு சித்தப்பா. சத்தியம் பண்ணினா ஒண்ணுகூடத் தப்பாது."

"மேல் மாடிக்கு நான் பொறுப்பில்ல. நான் தட்டினது தரைத்தளம்."

தட்டிக் காட்டுங்கள் என்றாள். தட்டக் கூடாது, உள்ளே ஆள் இருக்கிறது என்றேன். அரிவாளை நாவல் மரத்தில் மாட்டிவிட்டேன். இனி அது அங்கேயே இருக்கும். காவலருக்கு விசில் போதும், அதையும் இங்கே ஊத மாட்டேன்.

எட்வின் நோட்டில் மரத்தின் சுற்றளவு எழுத வேண்டும் என்று டேப்பைத் தேடினார். கொண்டுவர மறந்துவிட்டார். "ரெண்டு ஆள்னு எழுதுங்க" என்றேன்.

"வாங்க, பாத்துருவோம்" என்று கோதை வேங்கையின் அந்தப் பக்கம் போய்க் கையை விரித்தாள். நான் இந்தப் பக்கம் நின்றேன். வலது கை விரல் கோத்தது. கன்னத்தை மரத்தில் வைத்து, இடது கையை நீட்டினேன், அவளும் நீட்டினாள். இருவரும் நன்றாக எக்கினோம். எட்டவில்லை. ஒரு சாண் குறைகிறது.

முன்பு சரியாக இருந்த அளவு. மரம் வளர்ந்திருக்க வேண்டும், அல்லது ராசமணிக்குக் கை நீளமாக இருந்திருக்க வேண்டும்.

மரம் வளர்ந்திருக்கிறது என்றே எழுதச் சொன்னேன்.